குடும்ப நலம்: கட்டியை எடுத்த பின் வரும் முதல் மாதவிலக்கு

தானா ராத்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்:

"அக்கா, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி, கர்ப்பப்பையில் இருந்த கட்டியை எடுத்து 38 நாளாகிறது. இனித் தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். முன்போலவே கட்டி கட்டியாகப் போகிறது. கட்டி திரும்ப வளர்ந்துவிட்டதா? என் மாமியாரோ, 'கர்ப்பப்பையை எடுத்தவளுக்கு ஏதடி மாதவிலக்கு, இது வேறு ஏதோ' என்று பயமுறுத்துகிறார். அடுத்த வாரம் கொழுந்தெடுக்கப் போகலாமா?"

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மனதில் உறுத்தியது இரத்தப்போக்கு அல்ல. தன் உடம்பிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதே அந்த வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பதுதான். நம் பெண்களில் பலர் இப்படித்தான். டாக்டர் சொன்னார், தலையாட்டினோம், கையெழுத்துப் போட்டோம், வந்துவிட்டோம். கேட்க வெட்கம், மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்க இன்னும் தயக்கம்.

சகோதரிகளே, 'கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன்' என்பது ஒன்றல்ல, இரண்டு. கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு, கர்ப்பப்பையைத் தைத்து உள்ளேயே விடுவது ஒன்று. இதற்கு மயோமெக்டமி என்று பெயர். கர்ப்பப்பையையே கட்டியோடு சேர்த்து எடுத்துவிடுவது மற்றொன்று, இது ஹிஸ்டரெக்டமி. முன்னதில் மாதவிலக்கு திரும்ப வரும், வரவும் வேண்டும். பின்னதில் மாதவிலக்கு என்ற பேச்சே இல்லை. சில வாரங்கள் கழித்து உதிரம் கொட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். மாமியார் சொன்னது இரண்டாவது ஆபரேஷனுக்குப் பொருந்தும். மருமகளுக்கு நடந்தது முதலாவது என்பது அவர் கடிதத்திலிருந்தே தெரிகிறது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளட்டும்.

கட்டியை மட்டும் எடுப்பது எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. லண்டனில் விக்டர் பானி என்றொரு பெரிய டாக்டர் இருந்தார். அவருடைய மனைவிக்கே இந்தக் கட்டி. அந்தக் காலத்து வழக்கப்படி அந்த அம்மாளின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தம்பதிகளுக்குப் பிள்ளையில்லாமல் போயிற்று. பானி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை, கர்ப்பப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்துவதிலேயே செலவிட்டார். அறுக்கும்போது இரத்தம் பெருகாமல் இருக்க ஒரு கிடுக்கியையும் அமைத்தார். அது இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. தமது அனுபவத்தை 1946-இல் புத்தகமாகவும் எழுதினார்.

இனி, வந்திருக்கும் மாதவிலக்கைப் பார்ப்போம்.

இந்தக் கட்டி கர்ப்பப்பைச் சுவரின் தசையிலேயே உண்டாகும் முடிச்சு. புற்றுநோய் அல்ல. அதை எடுத்ததும் ஓரிரு வாரம் இலேசாக உதிரம் படுவது வழக்கம். முதல் மாதவிலக்கு பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் வரும். 38 நாளுக்குள் வந்தது சரியான காலத்தில் வந்ததே. உள்ளே தையல் போட்ட இடம் ஆறிக்கொண்டிருப்பதால் முதல் ஓரிரு மாதம் அதிகமாகவோ, குறைவாகவோ, வலியோடோ போகலாம். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் ஒழுங்குக்கு வந்துவிடும். ஆறு வாரத்துக்குள் புதுக்கட்டி வளர்ந்து இரத்தப்போக்கு உண்டாக்காது. அந்தப் பயம் வேண்டாம். பின்னாளில், வருஷங்கள் கழித்து, சிலருக்கு வேறு கட்டிகள் முளைப்பதுண்டு.

ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்குவதற்காக மாதம் ஒரு ஊசி போட்டிருந்தால் கணக்கு மாறும். அந்த ஊசி மாதவிலக்கை நிறுத்தி வைக்கும். அதன் வேகம் தணிந்த பிறகே திரும்ப வரும். அப்படிப்பட்டவர்கள் தாமதமாகிறதே என்று கலங்க வேண்டாம். ஊசி போடாமலேயே மூன்று மாதமாக வரவில்லை, ஆனால் மாதா மாதம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கர்ப்பமாகவும் இருக்கலாம்!

பொறுத்துப் பார்க்கக்கூடாதவையும் உண்டு. மணிக்கு ஒரு பேடு நனைந்து, அப்படியே இரண்டு மூன்று மணி நேரம் போனால், இரவானாலும் மழையானாலும் வண்டி பிடியுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், துர்நாற்றத்தோடு ஏதேனும் வடிந்தால், காயம் சிவந்து சீழ் கட்டினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால் - இதற்கெல்லாம் லயத்துக் கைவைத்தியம் உதவாது. தோட்டத்து மருந்தகத்தில் காட்டிவிட்டு அல்லது நேராகவே, தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜா கல்சோம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது வேலை. இதில்தான் நம் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். வெளிக்காயம் பத்து நாளில் மூடிக்கொள்ளும். பார்ப்பவர்களும் "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பார்கள். உள்ளே இருக்கும் தையல் அவர்கள் கண்ணுக்குத் தெரியுமா? வயிற்றைக் கீறிச் செய்தால் நாலு முதல் ஆறு வாரம் ஓய்வு வேண்டும். துளை போட்டுச் செய்தால் இரண்டு முதல் நாலு வாரம். இந்தக் கணக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களையும் சேர்த்துச் சொன்னது. சரிவில் ஏறி, கத்தரியால் கொழுந்து வெட்டி, நிறைந்த சாக்கை முதுகில் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு நடப்பவருக்கோ, இருவர் பிடிக்கும் இயந்திரத்தின் ஒரு முனையைச் சுமப்பவருக்கோ ஆறு வாரம் என்பது குறைந்தபட்சம். வீட்டிலும் அப்படியே. தண்ணீர் வாளி, கேஸ் தோம்பு, இடுப்புப் பிள்ளை எதையும் தூக்கக்கூடாது. (வீட்டுக்கார ஐயாக்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.)

"சம்பளம் போய்விடுமே" என்பீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60-எஃப் பிரிவில் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நோய்க்கு வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த 60 நாள் தனிக் கணக்கு, சாதாரண எம்.சி. நாட்களை இதில் கழிப்பதில்லை. அந்தச் சாதாரண எம்.சி. வேலை பார்த்த வருஷத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டிய நிலை என்று டாக்டர் எழுதித் தந்துவிட்டால், வீட்டில் படுத்திருந்த நாளும் ஆஸ்பத்திரி நாளாகவே கணக்காகும். ஆகவே டாக்டரிடம் கொழுந்து வேலை இன்னதென்று விளக்கிச் சொல்லி எம்.சி. வாங்குங்கள். 'தோட்ட வேலை' என்றால் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நினைக்கும் இளம் டாக்டர்களும் இருக்கிறார்கள். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தவறினால் சொல்லாமல் நின்றதாக எழுதிவிடலாம்.

கட்டியால் வருஷக்கணக்கில் இரத்தம் போன உடம்பு இது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு இரத்த சோகை என்று பொருள். மேடு ஏறும்போது மூச்சிரைப்பதை வயது என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அது சோகைதான். இரும்புச்சத்து மாத்திரையை, அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அது மாத்திரையின் நிறம்.

இங்கே தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வாழ்ந்த இந்தியக் குடும்பப் பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி செய்து 1975-இல் வெளியிட்டார்கள். நம்மைப்போலவே சோறு உண்ணும் குடும்பங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், உணவிலும் மருந்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். தேநீரை விடச் சொல்லவில்லை. இந்தக் குளிரில் சொன்னால் யார் கேட்பார்கள்? சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம், கொய்யாப்பழமும் நல்லது.

முட்டை, மீன், கோழி சாப்பிட்டால் காயம் சீழ் பிடிக்கும் என்று சில வீடுகளில் பத்தியம் வைக்கிறார்கள். காயம் ஆறுவதற்கு வேண்டியதே அந்தச் சத்துதான். நெத்திலி, முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுங்கள். மலச்சிக்கல் வந்து முக்குவது தையலுக்கு ஆகாது. பழமும் வெந்நீரும் கூடவே இருக்கட்டும்.

பிள்ளை வேண்டுமென்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டாக்டர் சொல்லும் காலம் வரை, மூன்று முதல் ஆறு மாதம், தள்ளிப்போட வேண்டும். பிறகு கர்ப்பமானால் முதல் நாளே கிளினிக்கில் இந்த ஆபரேஷனைச் சொல்லுங்கள். ஆழமாகத் தைத்த கர்ப்பப்பை பிரசவ வலியில் கிழியும் அபாயம் உண்டு. ஆகவே சிலருக்கு வயிற்றைக் கீறித்தான் எடுப்பார்கள். பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து டின்னில் வையுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: அடுத்த வாரம் ஆறு வாரம் முடிந்துவிடும் என்றாலும் நேராக மலைக்குப் போகாதீர்கள். மறுபரிசோதனைக்கு நாள் கொடுத்திருப்பார்கள். பஸ் செலவைப் பார்க்காமல் போய் வாருங்கள். எத்தனை பேடு மாற்றினீர்கள், எத்தனை நாள் போயிற்று என்று காலண்டரில் குறித்து அதையும் எடுத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, எடுத்த கட்டியைப் பரிசோதித்த முடிவு என்ன, சாக்கு தூக்க எத்தனையாம் தேதியிலிருந்து அனுமதி - இந்த மூன்றையும் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டர் முன்னால் மறந்துபோகாது. மலாய் நன்றாகத் தெரிந்த மகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ கூட வந்தால் நல்லது. மாமியாரையும் அழைத்துப்போங்களேன், டாக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் பயம் தெளியும்.