நாள் குறித்த சீட்டு, நேரம் குறித்த நுழைவு

கொல்கத்தா நியூ டவுனின் 480 ஏக்கர் ஈக்கோ பார்க்குக்கு வாயிலிலேயே சீட்டு வாங்கிச் சென்றுவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்தால் போதும். அதே பழக்கத்தோடு ஜப்பானின் ஒசாகாவுக்குக் குடும்பத்துடன் புறப்படுவது தகாது என்பது எம் கருத்து.

அங்குள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவின் சீட்டு, குறித்த நாளுக்கு மட்டுமே செல்லும். 2021-இல் திறக்கப்பட்ட சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டு பகுதிக்கோ, கூட்டம் மிகுந்த நாள்களில் நேரம் குறித்த தனி அனுமதியும் வேண்டும். பூங்காவுக்குள் நுழைந்தபின் கைப்பேசிச் செயலியில் அதை இலவசமாகப் பெறலாம். ஆயின் விரைவில் தீர்ந்துவிடும். அப்பகுதியின் விளையாட்டுகள் அடங்கிய எக்ஸ்பிரஸ் பாஸ் இருப்பின் அனுமதி உறுதி. ஆனால் அதன் விலையில் பூங்கா நுழைவுக் கட்டணம் சேராது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. காலையில் முதல் ஆளாக வாயிலில் நின்று இலவச அனுமதியை முயல்வதையே நாங்கள் பரிந்துரைப்போம். குழந்தை அப்பகுதிக்காகவே ஏங்கியிருப்பின், பாஸுக்குச் செலவிடுவதில் தவறில்லை.

வாங்கிய சீட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்காது. எனவே விசா கைக்கு வந்த பின்னரே வாங்குக. 2020-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு வாடிக்கையாளர் கோரினால்தான் இயக்கப்படும். அதனைச் சீட்டு வாங்கும் நாளுக்கு முன்பே செய்துகொள்க. அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணத்தையும் அப்போதே கேட்டறிக.