காசு கொடுத்த பொருள் நம்ம கையில இருக்கணும்

"கேம் பத்தியா சுவரிதழ்ல எழுதறே?" என்று யாரும் கோபப்பட வேண்டாம். விளையாடச் சொல்லி நான் எழுதவில்லை. காசு கொடுத்து வாங்கின ஒரு பொருள் எப்போ நமக்குச் சொந்தம் ஆகுது என்பதுதான் என் கேள்வி. கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் அம்மா ஒரு எவர்சில்வர் குடம் வாங்குறாங்க. அந்தக் கடைக்காரர் கடையை மூடிட்டு வேற ஊருக்கே போயிட்டாலும் குடம் எங்க வீட்டுலதான் இருக்கும். குடத்தில் தண்ணி எடுக்கும்போதெல்லாம் அவருக்குப் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு நிறைய கம்ப்யூட்டர் கேம்கள் அப்படித்தான் இருக்கின்றன. பணம் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் திறக்கும்போது நெட் வழியாகக் கம்பெனியைக் கேட்டு, அது சரி என்று சொன்னால்தான் கேம் ஓடும். இந்தப் பூட்டுக்குப் பெயர் டி.ஆர்.எம். சாவி எப்பவும் கம்பெனிக்காரர் இடுப்பில்தான்.

எங்க அண்ணன் முந்திரிக்கொட்டை பொறுக்கின காசில் 450 ரூபாய் சேர்த்து ஒரு லாரி ஓட்டுகிற கேம் வாங்கினான். அக்கா +2 படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பில்தான் விளையாடுவான். கணக்கு ஆரம்பித்தது அம்மாவின் பழைய நம்பரில். அந்த நம்பருக்கு மாசக்கணக்கா ரீசார்ஜ் போட முடியாமல் போய், அது வேற யாருக்கோ போயிடுச்சு. லேப்டாப்பை ஒரு தடவை ஃபார்மட் பண்ணின பிறகு கேம் ஓ.டி.பி. கேட்குது. ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருத்தர் போனுக்குப் போகுது! கம்பெனிக்கு மூணு தடவை எழுதினான். மூணு தடவையும் ஒரே பதில்தான் வந்தது, அதுவும் மெஷின் எழுதின பதில். 450 ரூபாய்க்கு எத்தனை நாள் குனிஞ்சு கொட்டை பொறுக்கணும் என்று முந்திரித் தோப்புக்குப் போனவங்களுக்குத் தெரியும்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். 'தி க்ரூ' என்று ஒரு கார் கேம், 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ஆம் தேதி அந்தக் கம்பெனி தன் சர்வரை நிறுத்தியது. டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு ஓட்ட முடியவில்லை. இதனால் கோபப்பட்டு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு, விற்ற கேமைச் சாகடிக்காதே என்று மனு கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. கொடுப்பது வெறும் அனுமதிதான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று போட்டு விற்கக் கூடாது. ஆனால் நிரந்தரமாக டவுன்லோடு செய்து, நெட் இல்லாமல் வைத்துக்கொள்ள முடிகிற பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஏன்னா அது உண்மையாவே விற்பனை!

அப்படி உண்மையா விற்கிற கடைகளும் இருக்கு. போலந்து நாட்டுக்காரர்கள் 2008-ல் ஆரம்பித்த ஜி.ஓ.ஜி. என்ற கடையில் கேம் வாங்கினால் இன்ஸ்டால் செய்கிற முழு ஃபைலையும் டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஒரு தடவை இறக்கினால் போதும், இன்ஸ்டால் பண்ணும்போது நெட்டும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். பழைய கேம்களைத்தான் முதலில் விற்க ஆரம்பித்தார்கள். அவை நம்ம வீட்டுப் பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடும், அது இன்னொரு லாபம். (நெட்டில் இன்னொருத்தரோடு சேர்ந்து விளையாடுகிற பகுதி மட்டும் நெட் இல்லாமல் வராது. அதை எதிர்பார்த்து வாங்கிட்டு என்னைக் கேட்கக் கூடாது.)

பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சிலர் சிரிப்பாங்க. "கிராக் போட்டா சும்மாவே வருது, இதுக்குப் போய்க் காசா?" என்று கேட்பாங்க. அந்தக் கிராக்கோடு வந்த வைரஸில் ஒரு பென்டிரைவ் முழுக்க ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போனது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒருத்தருடைய சாதிச் சான்றிதழ் ஸ்கேனும் இருந்தது. அதை விடுங்க. செய்தவருக்குக் கூலி வேண்டாமா? கனடாவில் இருக்கிற தமிழர்கள் 'வெண்பா' என்று ஒரு கேம் செய்து 2023-ல் வெளியிட்டார்கள். ஊரை விட்டுப் போன ஒரு தமிழ் அம்மா, கிழிந்து அழிந்துபோன சமையல் புத்தகத்தைப் பார்த்து இட்லியும் பிரியாணியும் செய்கிற கதை. 2024-ல் அதற்கு பாஃப்டா விருது கிடைத்தது. அப்படி உழைத்தவர்களிடம் திருடுவது, முந்திரித் தோப்பில் ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வதும் ஒண்ணுதான். நான் பூட்டைத்தான் வேண்டாம் என்கிறேன். விலை வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

"காப்பி எடுப்பதே சட்டப்படி தப்பாச்சே?" என்று ஒரு டீச்சர் கேட்டாங்க. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52-ல் இதற்கு இடம் இருக்கிறது. முறையாகக் கம்ப்யூட்டர் மென்பொருள் வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போனால் பாதுகாப்புக்கு என்று காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வைக்கலாம். தெருவெல்லாம் கொடுக்கக் கூடாது. பூட்டு இல்லை என்பதால் ஊருக்கே பங்கு போடலாம் என்று அர்த்தம் கிடையாது. அண்ணன்மார்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

படியெடுத்து வைப்பது நமக்குப் புதுசும் இல்லை. நம் அரியலூர் மாவட்டத்திலேயே கொள்ளிடக் கரையில் திருமழபாடி இருக்கிறது. அந்தக் கோயில் கருவறையைப் பிரித்துக் கட்டச் சொல்லி ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவு போட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அப்புறம்தான் பிரித்தார்கள். அவன் மகன், நம்ம ஊரைக் கட்டின ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை திரும்பக் கல்லில் வெட்டப்பட்டன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பேக்கப் எடுத்து ரீ-இன்ஸ்டால் பண்ணியிருக்காங்க! அதே சமயம் நம்ம ஊர்க் கோயில் மதில் கல்லை 1836-ல் கீழணை கட்ட எடுத்துப்போனதையும் நினைச்சுப் பாருங்க. அந்தக் கல்லில் எதிலாவது எழுத்து இருந்து, படி இல்லாமல் போயிருந்தால் போனது போனதுதான். மாளிகைமேட்டில் போய் நின்றால் அரண்மனைக்கு மிச்சம் செங்கல்தான்.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. பெரிய கேம் என்றால் செட்டப் ஃபைலோடு இரண்டு மூன்று துண்டு ஃபைல் வரும். எல்லாத்தையும் ஒரே ஃபோல்டரில் வைக்கணும், பேரை மாத்தக் கூடாது, ஒரு துண்டு இல்லைன்னாலும் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். பழைய பென்டிரைவ் ஃபேட்-32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேலான ஒற்றை ஃபைலை ஏற்காது, எக்ஸ்-ஃபேட்டுக்கு மாத்தணும். பென்டிரைவை மட்டும் நம்பக் கூடாது. வருஷக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பீரோவில் கிடந்தால் அதில் இருப்பது அழியலாம். அதனால் ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு படி. எல்லாத்துக்கும் மேல, நெட்டை அணைத்துவிட்டு அந்தப் படியிலிருந்தே ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிப் பார்க்கணும். பார்க்காத படி, திறந்து பார்க்காத ஊறுகாய் ஜாடி மாதிரி. உள்ளே இருக்கா பூசணம் பிடிச்சிருக்கா என்று யாருக்குத் தெரியும்?

கேம் பிடிக்காத ஆசிரியர்களுக்கும் ஒரு விஷயம். இதே பூட்டு புத்தகத்துக்கும் வருகிறது. 2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்த பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? நம்ம பாடப்புத்தகம் பி.டி.எஃப்.பில் பூட்டு இல்லாமல் கிடைப்பது எவ்வளவு நல்லது என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

கடைசியாகக் கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு விண்ணப்பம். நம் ஹைடெக் லேபில் நெட் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. ஜிகாம்ப்ரி, சூப்பர் டக்ஸ் கார்ட் இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை. அவற்றை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காப்பி கொடுக்கலாம் என்று செய்தவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். நெட் நன்றாக இருக்கிற ஒரு நாளில் இவற்றையும் பாடப்புத்தகங்களையும் இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு லேப் பீரோவில் வைக்கலாமா, சார்? வீட்டில் சும்மா கிடக்கிற பழைய ஹார்டு டிஸ்க் யாரிடமாவது இருந்தால் இந்தத் தாளின் கீழே உங்கள் வகுப்பை எழுதுங்கள். சின்னதாக எழுதுங்கள், பக்கத்தில் ஏழாம் வகுப்புக்காரர்களின் விடுகதைக்கும் இடம் வேண்டும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி