குடியிருப்பவரைச் சோதிக்கும் அரசு, குடியிருப்பைச் சோதிக்குமா?

தில்லியில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பவர் தம் அடையாள அட்டையின் நகலையும் ஒளிப்படத்தையும் சொந்த ஊர் முகவரியையும் வீட்டு உரிமையாளரிடம் அளிக்க வேண்டும். உரிமையாளர் அவற்றைக் காவல் நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். தவறினால் அவர்மீது குற்ற வழக்குப் பதியலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழும், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவின்கீழும் பிறப்பிக்கப்படும் ஆணைகள் இதற்கு வழிசெய்கின்றன. ஆனால் அதே அறைக்குச் செல்லும் மின்கம்பி எவ்வளவு சுமையைத் தாங்கும், படிக்கட்டில் புகை சூழ்ந்தால் வெளியேற வேறு வழி உண்டா, மேலே எழுப்பப்பட்ட கூடுதல் மாடியைக் கீழிருக்கும் தூண்கள் தாங்குமா என்று பார்க்க வேண்டிய கடமை எந்த அலுவலருக்கும் நடைமுறையில் இல்லை.

நான் இங்கே பேசுவது மூன்று, நான்கு மாடிகளில் பல குடித்தனங்களைக் கொண்ட சிறு வாடகைக் கட்டடங்களைப் பற்றி. முனிர்காவிலும் கட்வாரியா சராயிலும் முகர்ஜி நகரிலும் லட்சுமி நகரிலும் ஆய்வாளர்களும் தேர்வுக்குப் படிப்பவர்களும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் வாழ்வது பெரும்பாலும் இவற்றில்தான். இக்கட்டடங்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பாதுகாப்பு ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். அதே அளவுக்கு முக்கியமானது, அந்த ஆய்வு வாடகைதாரரின் உரிமையாக வடிவமைக்கப்படுவது. அப்படி அமையாவிட்டால் அது ஏழைகளை வெளியேற்றும் இன்னொரு கருவியாகவே முடியும்.

2010 நவம்பர் 15 அன்று லட்சுமி நகரை ஒட்டிய லலிதா பார்க்கில் ஐந்து மாடி வாடகைக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 70 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பத்தினர். அவ்வாண்டின் யமுனை வெள்ளத்திற்குப் பிறகு அடித்தளத்தில் தேங்கிய நீரும், மேலே கூடுதலாக எழுப்பப்பட்ட கட்டுமானமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இரண்டுமே இடிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தவை. அவற்றைக் கண்டு செயல்படும் பொறுப்புத்தான் யாரிடமும் சென்று சேரவில்லை.

இந்த வெற்றிடம் தற்செயலானதன்று. பல சட்டங்களின் எல்லைக்கோடுகள் சேர்ந்து உருவாக்கியது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றையே உயர்மாடிக் கட்டடங்களாகக் கொள்கிறது. குடியிருப்புகளுக்கான தீயணைப்புத் துறையின் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அந்த உயரத்தை ஒட்டியே தொடங்குகின்றன. நான்கு மாடி வீடு அதற்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்களிக்கிறது. மேலும், கட்டுமானக் குறைகளுக்காக அச்சட்டம் தரும் ஐந்தாண்டுப் பாதுகாப்பு வீடு வாங்கியவருக்கு உரியது. வாடகைக்கு இருப்பவரை அச்சட்டத்தின் வரையறையே வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. லால் டோரா எனப்படும் பழைய ஊர் எல்லைக்குள் உள்ள வீடுகளுக்குக் கட்டட வரைபட ஒப்புதலிலிருந்து 1963இல் விலக்களிக்கப்பட்டது. அனுமதியின்றி எழுந்த பல குடியிருப்புகளை இடிப்பிலிருந்தும் சீல் வைப்பிலிருந்தும் காக்கும் சிறப்புச் சட்டம் 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு விலக்குக்கும் தனித்தனி நியாயம் உண்டு. எல்லாம் ஒரே கட்டடத்தின்மீது குவியும்போது, அதற்குள் வாழ்பவருக்கு எந்தச் சட்டமும் எஞ்சுவதில்லை.

வாடகைச் சட்டமாவது காக்கிறதா? 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பேணுவது உரிமையாளரின் கடமை என்கிறது. அறிவிப்புக் கொடுத்தும் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரரே பழுதுபார்த்து, ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குவரை கழித்துக்கொள்ளலாம். நல்ல பிரிவுதான். ஆனால் 1988இல் வந்த திருத்தம், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களை அச்சட்டத்தின் வரம்பிலிருந்தே நீக்கிவிட்டது. இன்று முகர்ஜி நகரில் ஒரு கட்டில் போடும் இடத்தையே அந்தத் தொகைக்குத் தேட வேண்டும். 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், எந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்று பட்டியலிடுகிறது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்கத்தக்க அச்சட்டத்தில், முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டைப் பார்வையிடும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. வாடகைதாரரின் சார்பில் கட்டடத்தைப் பார்வையிடும் பொது ஆய்வாளர் என்று எவரும் அதில் இல்லை. வீடு வாழத் தகுதியற்றுப்போனால் 15 நாள் அறிவிப்புடன் அவர் வெளியேறலாம். வெளியேறி எங்கே செல்வது என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் விடை இல்லை.

ஆய்வு என்றவுடன் பலரும் கருவிகளையும் பெருஞ்செலவையும் நினைக்கின்றனர். உயிரைப் பறிக்கும் குறைகளுள் பல, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு மணி நேரத்தில் கண்டறியக்கூடியவை. தரைத்தளத்தில் படிக்கட்டின் வாயிலில் எல்லா மின் மீட்டர்களும் ஒரே பலகையில் இருக்கும். அதை ஒட்டி இருசக்கர வாகனங்கள் நிற்கும். பலகையில் மின்கசிவு ஏற்பட்டால் தீ வண்டிகளுக்குப் பரவும். கட்டடத்தின் ஒரே படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும். மேலே மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கும். சன்னல்களில் இரும்புக் கம்பி இருக்கும். ஒரு குடும்பத்திற்காகப் போடப்பட்ட மின்கம்பி, தடுப்புப் பலகைகளால் ஆறு அறைகளாகப் பிரிக்கப்பட்ட மாடியில் ஆறு குளிரூட்டிகளுக்கு மின்சாரம் தரும். காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு கீசர் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கழிவறைக் கசிவு காங்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைப்பதால் காங்கிரீட் வெடித்து உதிரும். அடுத்த வாடகைதாரர் வருமுன் அதன்மீது சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

ஆய்வு நடைபெறும் ஊர் ஒன்றும் இந்தியாவில் உண்டு. அதன் அனுபவம் நமக்கு எச்சரிக்கையாகவும் அமைகிறது. மும்பைத் தீவு நகரில் 1969க்கு முன் கட்டப்பட்ட வாடகைக் கட்டடங்களுக்கென 1969இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சொத்து வரியுடன் பழுதுபார்ப்புத் தீர்வை திரட்டி, ஓர் அரசு வாரியம் பழுதுபார்க்கும் ஏற்பாடு அது. தொடக்கத்தில் 19,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன்கீழ் வந்தன. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆய்வு நடத்தி, மிக ஆபத்தானவற்றின் பட்டியலை வாரியம் வெளியிடுகிறது. ஆயினும் 2017 ஆகஸ்ட் 31 அன்று பெண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 33 பேர் இறந்தனர். அது பழுதடைந்தது என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 2019 ஜூலை 16 அன்று டோங்கிரியில் கேசர்பாய் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிந்த பகுதி வாரியத்தின் பொறுப்பில் வருகிறதா, அனுமதியற்ற இணைப்பா என்ற வாதம் உடனே எழுந்தது.

ஆபத்து என்று அறிந்தும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று தொலைவிலிருந்து கேட்பது எளிது. மும்பையில் வெளியேற்ற அறிவிப்பின் பொருள், பெரும்பாலும் நகரின் வேறொரு மூலையில் உள்ள தற்காலிக முகாம். அம்முகாம்களில் பல்லாண்டுகளைக் கழித்தவர்கள் உண்டு. வேலையும் பள்ளியும் அண்டை அயலும் கைவிட்டுப் போகும். திரும்பி வரும் உரிமை காகிதத்தில் நிற்கும். எனவே ஆய்வாளர் வருவதைக் கண்டு அஞ்சுவது அறியாமையன்று. குறையைக் கண்டுபிடித்ததற்கான விலையை, அக்குறைக்குக் காரணமல்லாத ஒருவர் செலுத்த நேர்வதால் எழும் நியாயமான அச்சம் அது.

தில்லியிலும் இதன் சிறு வடிவத்தைக் கண்டோம். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி மையம் ஒன்றின் நிலத்தடி நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். பொருள்களை வைப்பதற்கே அனுமதிக்கப்பட்ட தளம் அது. அடுத்த நாள்களில் மாநகராட்சி விரைந்து சென்று பல நிலத்தடித் தளங்களுக்குச் சீல் வைத்தது. இறப்புக்குப் பின் வரும் இத்தகைய ஆய்வுக்குக் கதவை மூட மட்டுமே தெரியும், பழுதுபார்க்கத் தெரியாது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வலுவானவை. முதலாவது, கட்டாய ஆய்வு கையூட்டைப் பெருக்கும் என்பது. உண்மை. ஆய்வு முடிவு அலுவலரின் கோப்புக்குள் இருக்கும்வரை அதற்கு விலை உண்டு. கட்டடத்தின் வாயிலிலும் இணையத்திலும் படங்களுடன் அது வெளியிடப்பட்டால், உள்ளே வாழும் இருபது பேரும் அதைச் சரிபார்க்க முடியும். இரண்டாவது, செலவு வாடகையில் ஏறும் என்பது. சிறு உரிமையாளர்களுள் பலர் அந்த வாடகையை நம்பியே முதுமையைக் கழிப்பவர்கள். ஆகவே பழுதுபார்ப்புக்குக் குறைந்த வட்டிக் கடனும் சொத்து வரிச் சலுகையும் தேவை. மும்பைத் தீர்வையின் அடிப்படை எண்ணமான பொது நிதி சரியானதே.

அப்படியானால் எத்தகைய ஆய்வு? மூன்று குடித்தனங்களுக்கு மேல் வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு கட்டடமும் மாநகராட்சியில் பதிவாக வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும், வாடகைதாரர் முறையிடும் போதெல்லாமும் ஆய்வு நடக்க வேண்டும். மொட்டைமாடிப் பூட்டு போன்றவற்றை ஓரிரு நாள்களில் சரிசெய்யவும், மின்கம்பி மாற்ற சில வாரங்களும் என்று குறைக்கேற்பக் கெடு அமைய வேண்டும்; சீல் வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். முறையிட்டவரைக் குறிப்பிட்ட காலத்திற்கு வெளியேற்றவோ வாடகையை உயர்த்தவோ தடை வேண்டும். வெளியேற நேர்ந்தால் மாற்று இடத்திற்கான வாடகையும், திரும்பி வரும் உரிமையும் எழுத்தில் உறுதியாக வேண்டும். கடைசி இரண்டும் இல்லாமல் முதல் மூன்றைக் கொண்டுவருவது மும்பையின் தவற்றை மீண்டும் செய்வதாகும்.

இவ்வளவு கட்டடங்களை எப்படிக் கண்டறிவது என்று கேட்கலாம். எந்த முகவரியில் எத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறார்கள் என்பது காவல் நிலையங்களில் ஏற்கெனவே உள்ளது. பதினொரு மாத ஒப்பந்தமும் ரசீதில்லா வாடகையுமாக வாழும் பலருக்கு, அவர்கள் அங்கே குடியிருப்பதை அரசு அறிந்ததற்கான ஒரே சான்று அந்தச் சரிபார்ப்புப் படிவமே. பெயர்களை விடுத்து, முகவரிகளையும் எண்ணிக்கையையும் மட்டும் மாநகராட்சிக்கு அளித்தாலே முதல் பட்டியல் உருவாகிவிடும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விடுதியில் இடம் தர முடியாத ஆய்வு உதவித்தொகையாளர்களுக்கு வீட்டு வாடகைப்படி வழங்கப்படுகிறது. அந்தப் பொதுப்பணம் இக்கட்டடங்களுக்குத்தான் செல்கிறது. பாதுகாப்புச் சான்று கொண்டு வந்தால்தான் வாடகைப்படி என்று மாணவரிடம் கேட்பது கொடுமை. ஆனால் அக்கட்டடங்களை ஆய்வு செய்யுமாறு மாநகராட்சியிடம் நிறுவனம் தன் பெயரில் கேட்கலாம். கட்டடப் பொறியியல் துறையும் நகரமைப்புத் துறையும் உள்ள இடங்களில், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு பொதுப் படிவத்தை உருவாக்கி, தம் வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்தே தொடங்கலாம். நகர்ப்புற வறுமை குறித்து நாம் எழுதும் ஆய்வேடுகளுள் பல இந்த அறைகளில் எழுதப்படுகின்றன. அடுத்த அறையில் குடும்பத்துடன் வாழும் கட்டுமானத் தொழிலாளிக்கும் அதே படிக்கட்டுத்தான். அதைப் பற்றிக் கேட்பதற்கு அவரைவிட நமக்கு அச்சம் குறைவு; ஆகவே முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமே.