ஒட்டினால் பகா எண்: வெட்டி வேலையா இது?

2, 3, 5, 7, 11, 13... பகா எண்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போங்கள். 2 பகா எண். 23-ம் பகா எண். 235 அம்பேல், 5 வகுத்துவிடும். 2357 மறுபடியும் பகா எண்! 235711 = 7 x 33673, போச்சு. அடுத்தது எப்போது தெரியுமா? 719 வரை, அதாவது 128 பகா எண்களை ஒட்டிய பிறகு. மொத்தம் 355 இலக்கம்.

இதைச் சொன்னால் நம்ம பசங்க கேட்பது, "செமஸ்டர்ல வருமா?" இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. (கிரிக்கெட் ஸ்கோரை மனப்பாடம் செய்பவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.) விவரமானவர்கள் சொல்வது வேறு: "இது எண்களின் குணமே இல்லை. நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த விளையாட்டு." என் சண்டை இவர்களோடுதான்.

பைனரியில் ஒட்டிப் பாருங்கள். 10, 11 சேர்ந்தால் 1011, அதாவது நம்முடைய 11. பகா எண். 101 சேர்த்தால் 93, இல்லை. 111-ம் சேர்த்தால் 751, பகா எண்! பத்தில் நடந்த அதே கதை. தற்செயல்தான், கோயில் கட்ட வேண்டாம் :-)

ஆனால் இது தற்செயல் இல்லை: 0.23571113... என்ற தசமத்தில் எல்லா இலக்கங்களும், எல்லா இலக்கக் கோவைகளும் சமவாய்ப்போடு வரும் என்று 1946-இல் கோப்லாண்டும் எர்டிஷும் நிரூபித்தார்கள். நம்ம புதுக்கோட்டை பின்கோடு 622001 அதில் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும், சராசரியாகப் பத்து லட்சம் இடத்துக்கு ஒருமுறை. நிரூபணத்துக்கு அவர்கள் பிடித்துக்கொண்டது பத்து விரலை அல்ல, பகா எண்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை. எந்த அடிமானத்தில் எழுதினாலும் அந்த நெருக்கம் மாறாது. இதைவிட எண்களின் குணம் வேறு என்ன வேண்டுமாம்?

இந்த இளக்காரம் நமக்குப் புதிதல்ல. தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 6174-ன் விசித்திரத்தைக் கண்டுபிடித்தார். நம் நாட்டுக் கணித மேதாவிகள் பலர் அவரைச் சட்டை செய்யவில்லை. 1975-இல் அமெரிக்காவிலிருந்து மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 70.

1033 வரை ஒட்டினால் 499 இலக்கத்தில் இன்னொரு பகா எண். பைதான் தெரிந்தவர்கள் சில வரிகளில் சரிபார்க்கலாம். இப்படி முடிவில்லாமல் கிடைத்துக்கொண்டே இருக்குமா? இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வெறும் விளையாட்டு என்பவர்கள் அதை நிரூபித்துவிட்டு வரட்டும், பேசுவோம்.