சட்டி ஒன்று, சாக்குகள் ஆயிரம்

"எனக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொல்லும்போது நம்மில் பலருக்கு முகத்தில் ஒரு களை வந்துவிடுகிறது. கவனித்திருக்கிறீர்களா? வகைக்கெழு தெரியாது என்று சொல்ல நாணுகிறவன், அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாது என்பதை மட்டும் பதக்கம் பெற்றவனைப் போலச் சொல்லிக்கொள்கிறான். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆகவே இக்கட்டுரையில் எங்கேனும் வசை தென்பட்டால், அதில் முதற்பங்கு எழுதுகிறவனுக்கே உரியது என்று கொள்க.

என் ஊர் திண்டுக்கல் பக்கம். படிப்பது வேதியியல் முதுகலை. டில்லியில் விஜய் நகரில், மூன்றாவது மாடியில், நாங்கள் நால்வர் சேர்ந்து குடியிருக்கிறோம். மற்ற மூவரில் ஒருவன் பௌதிகம், ஒருவன் கணிதம், ஒருவன் புள்ளியியல். இந்த வீட்டைப் பிடிப்பதற்குள் பட்ட பாடு பெரும்பாடு. இரண்டு வீட்டுக்காரர்கள் எங்கள் பெயரையும் படிப்பையும் கேட்பதற்கு முன்பே, "மாமிசம் உண்டா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாமவர் நல்ல மனிதர். "உங்கள் சமையல், உங்கள் வாய், எனக்கென்ன?" என்றார். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற அந்த உரிமையை வைத்துக்கொண்டு நாங்கள் செய்தது என்ன? அடுப்பு மேடையின்மேல் புத்தகங்களை அடுக்கினோம். இராப்போசனம் கைப்பேசியில் விரலால் தட்டினால் வரும், வந்தது. மாதக் கடைசியில் மட்டும் ரொட்டியும் வாழைப்பழமும்.

சென்ற டிசம்பரில் அம்மா வந்தார்கள். ஊரிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஒரு கூட்டத்தோடு கிளம்பி, திரும்புகையில் மகனைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று பத்து நாள் எங்களோடு தங்கினார்கள். புத்தகங்கள் மேடையை விட்டு இறங்கின. காலையில் இட்லி, இரவில் குழம்பு. நால்வரும் உட்கார்ந்து உண்டோம். "அம்மா கையே கை" என்று ஆளுக்கொரு புகழுரை வழங்கினோம். புகழுரைக்குச் செலவில்லை அல்லவா?

ஆறாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். டில்லிக் குளிர் அவர்கள் உடம்புக்குப் புதிது. மருத்துவரிடம் அழைத்துப் போனோம், மாத்திரை வாங்கினோம், கம்பளி போர்த்தினோம். அதுவரை சரி. பிறகு, "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டோம். "கொஞ்சம் கஞ்சி இருந்தா போதும் தம்பி" என்றார்கள். நான்கு முதுகலை மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அரிசி இருந்தது, தண்ணீர் இருந்தது, அடுப்பு இருந்தது. கைப்பேசியை எடுத்து இட்லி வரவழைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, ஆறி விறைத்துப்போய் வந்தது. அம்மா பாதி இட்லி தின்றுவிட்டு, போதும் என்று படுத்துக்கொண்டார்கள்.

இரவு ஒரு மணி இருக்கும். பாத்திரச் சத்தம் கேட்டு விழித்தேன். காதை மூடிக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றியபடி, அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், "நீ ஏன்யா எந்திரிச்ச? உங்களுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன், காலையில குடிங்க" என்றார்கள்.

அந்தக் கஞ்சியைக் காலையில் குடித்தோம். அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

நிற்க. இது என் வீட்டு வழக்கு மட்டுமன்று. நம் நாட்டில் யார் எத்தனை நேரம் எந்த வேலை செய்கிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் ஓர் ஆய்வு நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். அப்படி ஈடுபட்டவர்களுள் பெண்கள் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஒருபுறம்; ஒன்றரை மணிக்குச் சற்று மேல் மறுபுறம். இந்தக் கணக்கை எங்கள் புள்ளியியல் நண்பனே எனக்கு எடுத்துக் காட்டினான். காட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வரவழைக்கலாம் என்று கேட்டான்!

நம் சங்க மேடைகளில் குறுந்தொகையின் 167ஆம் பாட்டைச் சொல்லி உருகாத பேச்சாளர் அரியர். கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த மெல்விரலையுடைய இளம் மனைவி, தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே துழாவிச் சமைக்கிறாள்; கணவன் இனிதென்று உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அழகிய பாட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்டுக் கைதட்டும் நாம் எப்போதும் உண்ணும் இடத்திலேயே நம்மை உட்கார வைத்துக்கொள்கிறோம். புகை படிந்த கண்ணின் பக்கம் ஒருநாளும் போய் நின்று பார்த்ததில்லை.

ஆண்களுக்குச் சமையல் வராது என்ற பேச்சும் செல்லாது. நல்ல சமையலை நளபாகம் என்கிறோம், வீமபாகம் என்கிறோம். நளனும் வீமனும் பெண்களா? கல்யாண வீட்டில் அண்டாவுக்கு முன் நின்று ஆயிரம் பேருக்குப் பொங்குகிறவரும் பெரும்பாலும் ஆண்தான். கூலியும் பேரும் உண்டென்றால் ஆண் சமைக்கிறான். இரண்டும் இல்லாத இடத்தில் அவனுக்குக் கை வருவதில்லை. இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா ஊருக்குப் போன மறுவாரம் கமலா நகர்க் கடைவீதியில் அடிகனமான, அகன்ற சட்டி ஒன்றும், அதற்குப் பொருந்தும் மூடி ஒன்றும் வாங்கினேன். ஒன்றுக்கு மேல் வாங்கவில்லை. துலக்குகிறவனும் நானே என்ற முன்யோசனைதான் காரணம். ஒரே சட்டியில் கோழியும் சோறும் ஒன்றாக வேக வேண்டும். வார நாளில், சோதனைச் சாலையிலிருந்து திரும்பிய களைப்பில், ஒரு மணிக்குள் முடிய வேண்டும்: இதுவே நான் வைத்துக்கொண்ட நிபந்தனை. முதல் முயற்சியில் அடி கருகி மேல் வேகவில்லை. இரண்டாவதில் உப்பை மறந்தேன். மூன்றாவதை நண்பர்கள் பேசாமல் உண்டார்கள். நான்காவதிலிருந்து மறுசோறு கேட்கிறார்கள். முறையைச் சொல்கிறேன், சோதனைக் குறிப்பேட்டில் எழுதுவதுபோலவே சொல்கிறேன்.

நால்வருக்கு முக்கால் கிலோ கோழி. கடைக்காரரிடம் "சோட்டா பீஸ்" என்றால் சிறு துண்டுகளாகப் போட்டுத் தருவார். தொடைக்கறியைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறி சற்று அதிகம் வெந்தாலும் சக்கையாகிவிடும். தொடையில் உள்ள கொலாஜன் வேக வேக ஜெலட்டினாக மாறி மெதுமெதுப்பைக் கொடுக்கும். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், இவ்வூரில் பல கறிக்கடைகளுக்கு அன்று விடுமுறை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, இரண்டு டம்ளர் அரிசியைக் களைந்து ஊற வைப்பது. ஊரிலிருந்து வந்த சீரகச் சம்பா இருந்தால் பாக்கியம். இல்லையேல் இங்கே பாசுமதிக்குப் பஞ்சமில்லை. கோழியில் உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள், மிளகுத் தூள் தடவி வைக்கவும். கோழியைக் குழாயடியில் அலச வேண்டாம் என்பது இன்றைய அறிவியலார் கூற்று. அலசும்போது தெறிக்கும் நீரோடு கிருமிகளும் மேடையெங்கும் தெறிக்கின்றன. அவற்றைக் கொல்வது நீரன்று, வெப்பம். இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கழுவாத கறியை எவன் தின்பான்?" என்றார்கள். இவ்வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கோழியைப் பாதிப் பாதியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் நீர் விட்டு அவிந்துபோகும், சிவக்காது. நீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. கறி விரைந்து சிவந்து மணப்பதற்கோ 140 பாகையளவு வேண்டும். அமினோ அமிலமும் சர்க்கரையும் கூடி நிகழ்த்தும் இந்த வினையை 1912இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலார். தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது இவ்வளவு மணக்கும் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை.

பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சிவந்தால் போதும். எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, சோம்பு. பிறகு மூன்று வெங்காயம். வெங்காயம் விடும் நீரே சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்பைக் கரைத்தெடுக்கும். சுரண்டி விடுங்கள், உணவின் சாரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, ஒரு கைப்பிடி புதினா. கொத்தமல்லியை இங்கே காய்க்காரர்கள் பலர் காசில்லாமலே கொடுக்கிறார்கள். டில்லியின்மேல் எனக்குள்ள குறைகளில் பாதி இதனால் மறந்துபோகும்.

தக்காளி குழைந்ததும் மூன்றே கால் டம்ளர் தண்ணீர். கொதி வந்தபின் வடித்த அரிசியும் கோழியும் உள்ளே போகட்டும். உப்புப் பாருங்கள்; நீரில் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் சோற்றில் அளவாக இருக்கும். மூடியைப் போட்டு, தீயை அடியோடு குறைத்து, பதினைந்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, திறக்காமல் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குவது சமையலில் மிகக் கடினமான பகுதி என்பது என் அனுபவம். கறியின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட்டிருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. வெப்பமானி இல்லாதவர்கள் பெரிய துண்டைப் பிய்த்துப் பார்க்கலாம். எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு நீர் வந்தால் இன்னும் சிறிது நேரம் வைக்க வேண்டும். தொட்டுக்கொள்ளத் தயிரில் வெங்காயம். ஆக மொத்தம் ஐம்பத்தைந்து நிமிடம்; அதில் கைக்கு வேலை அரைமணிதான். செலவு, வெளியிலிருந்து இருவருக்குப் பிரியாணி வரவழைக்கும் தொகைக்குள் அடங்கிவிடுகிறது.

விடுதியில் இருக்கும் நண்பர்கள், "எங்களுக்கு அறையில் அடுப்பு வைக்க அனுமதியில்லையே" என்பார்கள். நியாயம். பழைய கம்பிகளில் மின்னடுப்பைச் சொருகித் தீ மூட்டச் சொல்பவனல்லன் நான். அவர்கள் புதன்கிழமை மாலையில் விஜய் நகருக்கு வரலாம். வெங்காயம் உரிக்க ஆள் தேவை. சைவ நண்பர்களும் வரலாம். எங்கள் கணித நண்பன் புலால் தொடாதவன். அவனுக்காக இரண்டாவது சட்டி ஒன்று வந்திருக்கிறது. உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டு அதே முறையில் அவனே செய்துகொள்கிறான். என் சட்டியை அவன் துலக்க மாட்டான். அவன் சட்டியில் என் கரண்டி படாது. இதில் ஒருவர்மீது ஒருவருக்கு மனத்தாங்கல் இல்லை. கதவைச் சாத்திய வீட்டுக்காரர்களுக்கு இதை ஒருநாள் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

"நேரமில்லை" என்பவர்களுக்கு மட்டும் என்னிடம் இரக்கம் இல்லை. உணவு வந்து சேரும்வரை கைப்பேசியைப் பார்த்தபடி கிடக்கும் நேரம் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நான் குறித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

இனி, இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வேலைப் பங்கீட்டுத் தாள் சுற்றுக்கு வந்திருக்கிறது. மேடை, ஒலிபெருக்கி, வரவேற்பு, பேச்சுப்போட்டி ஆகியவற்றில் ஆண்களின் பெயர்கள். "சமையல் மேற்பார்வை" என்ற தலைப்பின்கீழ் ஐந்து பெயர்கள். ஐந்தும் நம் சகோதரிகள். அவர்களுள் ஒருவரைக் கேட்டேன். "யாரும் எங்களைக் கேக்கலை அண்ணா, பேர் போட்டுட்டாங்க. எனக்குப் பேச்சுப்போட்டியில கலந்துக்கணும்னு ஆசை. அது அதே நேரத்துல வருது" என்றார். தாளைத் தயாரித்தவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். சென்ற ஆண்டுத் தாளைப் பார்த்து எழுதினாராம். அதற்கு முந்திய ஆண்டிலும் அப்படித்தானாம்.

அத்தாளில் அச்சகோதரியின் பெயரை, அவர் ஒப்புதலோடு, பேச்சுப்போட்டிக்கு மாற்றிவிட்டு, சமையலில் என் பெயரை எழுதியிருக்கிறேன். புள்ளியியல் நண்பனும் எழுதிவிட்டான். இன்னும் மூன்று இடம் உண்டு. முன்னனுபவம் வேண்டியதில்லை, பொங்கல் கோழியைவிட எளிது. தாள் இவ்வெள்ளிவரை சங்க அறைச் சுவரில் தொங்கும். அதன் அடியில் "பாத்திரம் துலக்குதல்" என்று ஒரு வரியை நானே புதிதாகச் சேர்த்திருக்கிறேன். இதுவரை அதில் ஒரு பெயரும் விழவில்லை.