மேப் தெரியாது என்றால் சொல்லிவிடுங்கள்!

செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர், மகளின் தேர்வு மையம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு இணையதளத்தைத் திறந்தார். மேப் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டுமே இருந்தது. எர்ரர் செய்தி எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நினைத்து, பணம் கொடுத்து ஃபார்மட் செய்து வாங்கி வந்தார். அதன் பிறகும் அதே சாம்பல் கட்டம்! கடைசியில்தான் தெரிந்தது, அந்த மேப் அவருடைய பழைய கிராஃபிக்ஸ் வசதியில் இயங்காது என்பது. இதை அந்தத் தளமே ஒரு வரியில் சொல்லியிருந்தால், அவருக்கு அலைச்சலும் செலவும் மிச்சமாகியிருக்கும்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை அல்ல. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வெளியானபோது இன்டர்நெட் எக்ஸ்புளோரர், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களில்தான் அது இயங்கியது. சஃபாரி, ஓபரா வைத்திருந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மவுஸால் இழுத்தால் நகரும் மேப் என்பது சாதாரணப் படம் அல்ல. சின்னச் சின்ன சதுரப் படங்களை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வரவழைத்து, ஒட்டுப் போட்டது போல அடுக்கிக் காட்டும் வேலை அது. எல்லா பிரவுசராலும் அதைச் செய்ய முடியவில்லை.

அதே ஆண்டு, மற்ற இணையதளங்களும் இந்த மேப்பைப் பயன்படுத்த கூகுள் வழி செய்து கொடுத்தது. கூடவே 'ஜிபிரவுசர்இஸ்கம்பேட்டிபிள்' என்ற ஃபங்ஷனையும் தந்தது. இந்த பிரவுசரில் மேப் இயங்குமா என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று அது பதில் சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லோரும் காப்பி செய்த மாதிரி புரோகிராமில் 'ஆம் என்றால் மேப்பைக் காட்டு' என்று மட்டுமே இருந்தது. 'இல்லை என்றால் என்ன செய்வது' என்ற பகுதியே இல்லை. விளைவு, பிரவுசர் பொருந்தாதபோது வெறும் காலி இடம். பரிசோதனை நடந்தது, ரிசல்ட்டை மட்டும் பார்ப்பவரிடம் சொல்லவில்லை!

என் கருத்து இதுதான். பரிசோதிப்பது பாதி வேலை. முடியாதபோது அதைச் சொல்வதும், வேறு வழி காட்டுவதும் மீதிப் பாதி. மேப்புக்குக் கீழே முழு முகவரி, பக்கத்திலுள்ள பஸ் நிறுத்தம், போன் நம்பர் ஆகியவற்றை எழுத்தில் தருவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

'பழைய பிரவுசரை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள்?' என்று சில டிசைனர்கள் கேட்பார்கள். விண்டோஸ் 7 உள்ள கம்ப்யூட்டருக்கு 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-தான் கடைசி. அதற்குமேல் அப்டேட் செய்ய முடியாது. பாதுகாப்புக்காக அவர்கள் புதிய சிஸ்டத்துக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் காலிக் கட்டம் அந்த யோசனையைச் சொல்லாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிரவுசரின் பெயரை மட்டும் பார்த்து, 'உங்களுக்கு அனுமதியில்லை' என்று கதவைச் சாத்துவது. இந்தத் தொல்லையைத் தாங்காமல்தான் அந்தக் காலத்தில் ஓபரா தன்னை எக்ஸ்புளோரர் என்றே அறிமுகம் செய்துகொண்டது! பெயரைக் கேட்காமல், தேவையான வசதி இருக்கிறதா என்று கேட்பதே சரி. இன்றைய மேப்புகள் பலவும் வெப்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் வசதியில் இயங்குகின்றன. அது வேலை செய்கிறதா என்று சோதிக்க நாலைந்து வரி புரோகிராம் போதும்.

சரி, உங்கள் கம்ப்யூட்டரில் மேப் தெரியாவிட்டால் என்ன செய்யலாம்? முதலில் பதற வேண்டாம். அதே பக்கத்தை வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். பிரவுசரை அப்டேட் செய்யுங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் சற்று நிறுத்திப் பாருங்கள். குரோமில் செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம் என்ற பிரிவில் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று கவனியுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் பழையதாக இருந்தால் புதியதை இன்ஸ்டால் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு மேப் வரவில்லை என்றால், அந்தத் தளத்தின் நிர்வாகிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். யாரும் சொல்லாவிட்டால், தன் மேப் எல்லோருக்கும் தெரிகிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஃபார்மட் செய்வது மட்டும் கடைசி வழியாக இருக்கட்டும். தவறு எப்போதும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் என்பதில்லை!