தடை மட்டும் காவலாகுமா?

காலொடிந்தவனுக்குத் தோள் கொடுக்க ஊரே ஓடிவரும். மனமொடிந்தவனுக்கோ வெறும் ஆறுதற் சொல்லே மிஞ்சுகிறது. வழக்கமான மருந்துகளை உண்டும் பயன் காணாது வருந்துவோர் எல்லா நாடுகளிலும் உளர். அத்தகையோருக்குப் புதிய வழியொன்று தென்படுமாயின், அதைத் திறப்பதா அடைப்பதா என்பதை அச்சத்தைக் கொண்டன்று, அறிவைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் அவ்வாறே செய்ய முயன்றுள்ளது. சிலவகைக் காளான்களிலுள்ள சைலோசைபின் என்னும் பொருள், மனிதனின் காட்சியையும் உணர்வையும் சில மணி நேரம் மாற்றவல்லது. மெக்சிக்கோவின் மசதெக் மக்கள் அக்காளானை நோய் தீர்க்கும் சடங்குகளிற் பயன்படுத்தி வந்தனர். 1970 இல் அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் சட்டம் அப்பொருளை முற்றாக விலக்கிற்று. அதனோடு ஆராய்ச்சியும் நெடுங்காலம் முடங்கிற்று. 2020 நவம்பரில் ஒரிகன் மக்கள்முன் வைக்கப்பட்ட 109 ஆம் பிரேரணைக்கு நூற்றுக்கு 55 பேருக்கு மேல் ஆதரவளித்தனர். ஈராண்டு ஆயத்தத்தின் பின், 2023 இல் முதல் நிலையங்கள் திறக்கப்பட்டன.

“போதைக்கு அரசாங்கமே கடை திறப்பதா?” எனச் சிலர் சினந்து கேட்பர். இது கடையன்று. 21 வயது நிரம்பியோர் மட்டுமே அனுமதிக்கப்படுவர். பரிசோதனைக்கூடத்திற் சோதிக்கப்பட்ட பொருளை, அனுமதிப்பத்திரம் பெற்ற நிலையத்திலேயே, பயிற்சி பெற்ற வழிகாட்டியின் கண்காணிப்பில் உட்கொள்ளல் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுசெல்ல இடமில்லை. சித்தப்பிரமை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும், 30 நாட்களுக்குள் லிதியம் மருந்து உண்டவர்களும் ஏற்கப்படார். வைத்தியரின் சீட்டு அவசியமில்லை என்பது உண்மையே. ஆதலாலேயே இவ்விதிகள் தளர்வின்றிப் பேணப்படல் வேண்டும்.

இம்மருந்தைச் சஞ்சீவியென நாம் கூறவில்லை. வேறு மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுடைய 233 பேரிடம் நடந்த ஆராய்ச்சியொன்று 2022 இல் வெளியாயிற்று. 25 மில்லிகிராம் உண்டோரின் துயர், 1 மில்லிகிராம் உண்டோரினதைக் காட்டிலும் 3 வாரத்தில் மிகுதியாகத் தணிந்தது. ஆயினும் அப்பயன் பலரிடம் நீடிக்கவில்லை; தலைவலியும் குமட்டலும் கண்டன; சிலரிடம் உயிரை மாய்க்கும் எண்ணமுந் தோன்றிற்று. பயனும் ஆபத்தும் ஒருங்கே உள்ள பொருளுக்கன்றோ கண்காணிப்பு வேண்டும்? தடை அதை உலகிலிருந்து அகற்றிவிடவில்லை. அளவும் தூய்மையும் அறியாத இருட்டுச் சந்தையிடமே ஒப்படைத்தது.

எமது விவசாயிகளுக்கு இவ்வுண்மை புதிதன்று. இந்நாட்டில் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்பட்டு, 1995 வரையிற் படிப்படியாக விலக்கப்பட்டன; ஏனையவை ஒழுங்குக்குள் வைக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2021 இலோ இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் ஒரே ஆணையால் தடுக்கப்பட்டன. விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டிலேயே அரசாங்கம் அத்தடையைக் கைவிட நேர்ந்தது. ஆராய்ந்து வகுத்த ஒழுங்கு உயிர் காத்தது. ஆராயாத தடை வயிற்றிலடித்தது.

ஒழுங்கில்லாத தளர்வையும் நாம் ஆதரிக்கவில்லை. 109 ஆம் பிரேரணை வென்ற அதே நாளில், சொந்த உபயோகத்துக்காகப் போதைப்பொருள் வைத்திருத்தல் குற்றமன்று என்னும் பிரேரணையும் ஒரிகனில் வென்றது. 2024 இல் சட்டசபை அதை மாற்றி, மீண்டும் தண்டனை விதித்தது. சைலோசைபின் நிலையங்களோ தொடர்கின்றன.

எனினும், ஒரிகன் திட்டத்தில் பெருங்குறை ஒன்றுண்டு. அதன் நிருவாகச் செலவு பெரிதும் அனுமதிக் கட்டணங்களின் மீதே சுமத்தப்பட்டது. நிலையமொன்றின் ஆண்டுக் கட்டணம் தொடக்கத்தில் 10,000 டொலர். அச்சுமை இறுதியில் நோயாளியின் தலையிலேயே விழுகிறது. ஒருமுறைச் சிகிச்சைக்குப் பலர் 1,000 டொலருக்கு மேல் கொடுக்கின்றனர். காப்புறுதியும் பொதுவாகக் கைகொடுப்பதில்லை. செல்வனுக்குச் சிகிச்சை, ஏழைக்குத் தடை என்பது நீதியாகுமா?

ஆகவே எமது நிலை தெளிவானது. இத்தகைய சிகிச்சையை அரசாங்கமே ஒழுங்குபடுத்தி நடத்தட்டும். நன்மையையும் தீமையையும் மறையாது பதிவு செய்து மக்கள்முன் வைக்கட்டும். ஏழையின் பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கட்டும். கதவை இழுத்துப் பூட்டிவிட்டுக் காவல் செய்தோமென்று கூறுவது காவலாகாது. உள்ளே தவிப்பவனின் குரலைக் கேட்பதே காவல்.